யானைகளுக்கு விடை

கடலையும் யானையையும் எத்தனை முறை கண்டாலும் கண் சலிப்பதில்லை என்று பெரியோர் சொல்வார்கள். தெருவில் யானையின் மணியோசை கேட்டால், கையில் எடுத்த கவளத்தை இலையில் வைத்துவிட்டு வாயிலுக்கு ஓடுகிற பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். நாமே அவ்வாறு ஓடியும் இருக்கிறோம். யானைகள் இயற்கையாக வாழாத குளிர்நாடுகளில் இந்த ஆவல் இன்னும் மிகுதி. அங்கே ஒரு குழந்தை யானையைக் காணவேண்டுமானால் நகரத்து மிருகக்காட்சிச் சாலைக்குத்தான் போகவேண்டும். ஆதலின் அத்தகைய காட்சிச் சாலையிலிருந்து யானை போய்விடுகிறது என்ற செய்தி வந்தால், ஊரே கலங்குவது இயல்பு.

இலண்டன் மாநகரின் மிருகக்காட்சிச் சாலை தன் யானைகளுக்குக் கொடுத்த விடைகளுள் இரண்டு நினைவில் வைக்கத் தக்கவை. முதலாவது 1882-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. இரண்டாவது 2001-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. இடையே 119 ஆண்டுகள். இரண்டு முறையும் யானை வெளியேறியது ஒரே இடத்திலிருந்துதான். ஆனால் அது வெளியேறிய காரணம் வேறு. சென்ற இடமும் வேறு. அந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால், யானை என்னும் உயிரைப் பற்றியும், ஓர் உயிரிடம் நாம் வைக்கும் அன்பைப் பற்றியும் சில உண்மைகள் விளங்கும்.

இலண்டன் விலங்கியல் கழகம் 1826-இல் தோன்றியது. அதன் காட்சிச் சாலை 1828-இல் ரீஜன்ட்ஸ் பூங்காவில் திறக்கப்பெற்றது. முதலில் கழகத்தாரே அதனைக் கண்டுவந்தனர். 1847 முதல் பொதுமக்களும் கட்டணம் செலுத்தி உள்ளே வரலாயினர். அந்தச் சாலைக்கு 1865-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஓர் ஆப்பிரிக்க யானைக் கன்று வந்து சேர்ந்தது. சூடான் நாட்டு எல்லைப் பகுதியில், தாயை இழந்து பிடிபட்ட கன்று அது. பாரிஸ் நகரத்துக் காட்சிச் சாலையில் சில காலம் இருந்த அதனை, ஒரு காண்டாமிருகத்தைக் கொடுத்து இலண்டன் சாலையார் மாற்றாகப் பெற்றனர். வந்தபொழுது அது நோயுற்று மெலிந்திருந்தது. மாத்யூ ஸ்காட் என்னும் காப்பாளர் அதனை இரவும் பகலும் பேணி உயிர் பிழைக்கச் செய்தார். அதற்கு இட்ட பெயர் ஜம்போ. இன்று பேருருவம் கொண்ட எதற்கும், வானில் பறக்கும் பெரிய விமானத்துக்குங்கூட, அடைமொழியாக வழங்கும் அச்சொல் இந்த யானையின் புகழால் பரவியதேயாகும்.

கன்று வளர்ந்து களிறாயிற்று. அதன் முதுகில் அம்பாரி போன்ற இருக்கையைக் கட்டிக் குழந்தைகளை ஏற்றிச் சவாரி விட்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளும் அரச குடும்பத்துப் பிள்ளைகளும் அதன்மேல் அமர்ந்து சென்றனர். ரொட்டியும் இனிப்பும் அதன் தும்பிக்கையில் வந்து குவிந்தன. பகலெல்லாம் சாதுவாய் நடந்த அந்த யானை, ஆண்டுகள் செல்லச் செல்ல, இரவில் தன் கொட்டிலின் சுவரை முட்டி மோதத் தொடங்கியது. தந்தங்கள் தேய்ந்து முறிந்தன. என்றேனும் ஒருநாள் அது குழந்தைகள் நடுவே சினங்கொண்டால் என்ன ஆகும் என்று மேற்பார்வையாளர் பார்ட்லெட் அஞ்சினார். அந்நேரத்தில் அமெரிக்க நாட்டில் புகழ்பெற்ற சர்க்கஸ் முதலாளியாகிய பார்னம், ஜம்போவை விலைக்குக் கேட்டார். 2,000 பவுனுக்குப் பேரம் முடிந்தது.

செய்தி வெளியானதும் ஆங்கில நாடு கொதித்தெழுந்தது. பத்திரிகைகள் கண்டனம் எழுதின. பள்ளிக் குழந்தைகள் விக்டோரியா அரசிக்குக் கடிதங்கள் எழுதினார்கள். விற்பனையைத் தடுக்க வழக்கும் தொடுக்கப்பட்டது; அது வெற்றி பெறவில்லை. யானையைக் கடைசி முறையாகக் காண மக்கள் வெள்ளம் போலத் திரண்டனர். காட்சிச் சாலையின் வருவாயும் பெருகியது. கப்பலுக்குக் கொண்டுசெல்ல அமைத்த பெரிய மரப் பெட்டிக்குள் ஜம்போ கால் வைக்க மறுத்தது. துறைமுகத்துக்கு நடத்தியே அழைத்துச் செல்லலாம் என்று வாயிலுக்கு வெளியே கொண்டுவந்தபோது, வீதியிலேயே படுத்துக்கொண்டது. கண்டவர்கள் கண்ணீர் விட்டார்கள். பல நாள் முயற்சிக்குப் பின் அதனைப் பெட்டியில் அடைத்தனர். 1882-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25-ஆம் நாள் கப்பல் புறப்பட்டது. ஸ்காட்டும் யானையோடு சென்றார்.

அமெரிக்காவில் ஜம்போ ஊர் ஊராக இரயிலில் சென்று காட்சி தந்தது. 1885-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் இரவு, கனடா நாட்டின் செயின்ட் தாமஸ் என்னும் ஊரில் ஆட்டம் முடிந்து தன் இரயில் பெட்டிக்கு இருப்புப்பாதை வழியே நடந்துசென்றபோது, எதிர்பாராமல் வந்த சரக்கு வண்டி மோதி மாண்டது. அப்பொழுது அதற்கு வயது ஏறக்குறைய 24. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் பழமொழி. பார்னம் அதனை எழுத்துக்கு எழுத்து மெய்யாக்கினார். தோலைப் பாடம் செய்து நிறுத்தி, எலும்புக் கூட்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஊர் ஊராகக் காட்டினார். தோலுருவம் பிற்காலத்தில், 1975-இல், தீயில் அழிந்தது. எலும்புக்கூடு நியூயார்க் நகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

அந்த எலும்புகள் நெடுங்காலம் கழித்து நமக்கு ஒரு செய்தியைச் சொல்லின. 2017-இல் அறிஞர்கள் அவற்றை மீண்டும் ஆராய்ந்தபோது, ஜம்போவின் கடைவாய்ப் பற்கள் கோணலாய் வளர்ந்திருந்ததைக் கண்டனர். யானையின் பற்கள் நம் பற்களைப் போன்றவை அல்ல. வாழ்நாளில் ஆறு முறை அதற்குக் கடைவாய்ப் பற்கள் தோன்றும். புதிய பல் தாடையின் பின்புறத்தில் முளைத்து மெல்ல முன்னோக்கி நகரும். மரப்பட்டை, கிளை, முரட்டுப் புல் ஆகியவற்றை மென்று மென்று பழைய பல் தேய்ந்து விழும்; அவ்விடத்தைப் புதிய பல் நிரப்பும். மென்மையான தீனியே தின்னும் யானைக்குப் பழைய பல் தேய்வதில்லை. புதிய பல்லுக்கு இடம் கிடைப்பதில்லை. ஜம்போவின் இரவுச் சினத்துக்குப் பல்வலியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று அவ்வறிஞர் கருதினர்.

எண்ணிப் பாருங்கள். அன்போடு ரொட்டியை நீட்டிய கைகள் ஆயிரம். வலியை அறிந்தவர் ஒருவரும் இல்லை. யானை போகக்கூடாது என்று கடிதம் எழுதியவர்களும், வழக்குத் தொடுத்தவர்களும், வீதியில் நின்று அழுதவர்களும், 'எங்கள் ஜம்போ எங்களுக்கு வேண்டும்' என்றே கேட்டார்கள். ஜம்போவுக்கு என்ன வேண்டும் என்பது அன்றைய வினாவாக எழவில்லை.

அந்த வினாவுக்கு விடை காண, காட்டில் யானை எவ்வாறு வாழ்கிறது என்று முதலில் அறிதல் வேண்டும். யானைக் கூட்டம் என்பது ஒரு குடும்பம். வயது முதிர்ந்த பிடி ஒன்று அதன் தலைவி. மகள்களும் பேத்திகளும் கன்றுகளும் அதனைச் சூழ்ந்து வாழ்வர். தண்ணீர் எங்கே வற்றாதிருக்கும், எந்த வழியில் பகை உண்டு என்பன தலைவியின் நினைவில் நிற்கும். 22 மாதம் சுமந்து ஒரு பிடி கன்று ஈனும்பொழுது, மற்றப் பிடிகளும் காவல் நிற்கும். ஆண் கன்றுகள் பருவம் எய்தியதும் கூட்டத்தை விட்டுப் பிரியும். பெண் கன்றுகளோ வாழ்நாள் முழுதும் தாயோடு தங்கும். எனவே ஒரு பிடியைத் தனியே பிரித்து வைப்பது அதன் உலகத்தையே பிரித்து வைப்பதாகும்.

அடுத்தது நடை. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் உணவு தேடவேண்டிய உயிர் ஓரிடத்தில் நிற்க இயலாது. நடக்கும் பொருட்டே அதன் பாதம் அமைந்துள்ளது. யானையின் பாத எலும்புகள் விரல் நுனியில் ஊன்றியவை. அவற்றின் பின்னே கொழுப்பும் தசைநாரும் சேர்ந்த மெத்தை ஒன்று உண்டு. ஒவ்வோர் அடியிலும் அம்மெத்தை அகன்று சுருங்கி உடலின் சுமையைத் தாங்கும். மண்ணிலும் மணலிலும் சேற்றிலும் நடந்தால் நகமும் பாதத் தோலும் ஒருசேரத் தேயும். சிமெண்டுத் தரையில், அதுவும் ஈரமும் குளிரும் உள்ள தரையில், நாள் முழுதும் நின்றால் நகம் பிளக்கும், பாதம் வெடிக்கும், புண் சீழ்ப்பிடிக்கும், மூட்டுகள் வீங்கும். காட்சிச் சாலை யானைகளை வருத்தி, பலவற்றின் உயிரையும் கவர்ந்த நோய்கள் பாதப் புண்ணும் மூட்டு வாதமும் ஆகும்.

இலண்டன் காட்சிச் சாலையார் இதற்குத் தீர்வு காண முயலாமல் இல்லை. 1965-இல் யானைகளுக்கும் காண்டாமிருகங்களுக்கும் ஒரு புதிய மண்டபம் எழுப்பினார்கள். ஹியூ காசன், நெவில் கான்டர் என்னும் கட்டடக் கலைஞர் இருவர் அதனை வகுத்தனர். யானைத் தோலை நினைவூட்டும் சொரசொரப்பான கான்கிரீட்டுச் சுவர்களும், மேலே ஒளி புகும் கூம்புகளும் கொண்ட அம்மண்டபம் இன்றும் சிறப்புடைய கட்டடமாகச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றுள்ளது. கட்டடம் அழகியதுதான். ஆனால் எந்தக் கலைஞராலும் நிலத்தை நீட்ட முடியாது. ரீஜன்ட்ஸ் பூங்காக் காட்சிச் சாலையின் மொத்தப் பரப்பே சுமார் 36 ஏக்கர். நூற்றுக்கணக்கான உயிரினங்களுக்கு அதில் இடம் பகிர்ந்தளிக்கவேண்டும். அதைச் சுற்றி மாநகரம் நெருங்கி நின்றது.

2001-ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கே ஒரு துயரம் நேர்ந்தது. யானைகளிடம் நெடுங்காலம் பழகிய காப்பாளர் ஒருவர், தம் பொறுப்பிலிருந்த யானை ஒன்றினாலேயே, பார்வையாளர் கண்ணெதிரில் உயிரிழந்தார். அதற்குச் சில நாள்களுக்குப் பின், மையா, லயாங் லயாங், டில்பெர்ட்டா என்னும் மூன்று ஆசியப் பிடிகளும் ரீஜன்ட்ஸ் பூங்காவிலிருந்து புறப்பட்டன. அவை சென்ற இடம் இலண்டனுக்கு வடக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விப்ஸ்னேடு. அதே கழகம் 1931-இல் திறந்த காட்சிச் சாலை அது. அதன் பரப்பு சுமார் 600 ஏக்கர். புல்வெளியும் அகன்ற இடமும் வேறு யானைகளின் துணையும் அங்கே இருந்தன. ஏறத்தாழ 170 ஆண்டுகளாக யானை இருந்துவந்த ரீஜன்ட்ஸ் பூங்கா அன்றுமுதல் யானை இல்லாத பூங்காவாயிற்று.

இந்த இரண்டாவது விடையில் விலை பேசியவர் எவரும் இல்லை. விட்டுக்கொடுத்தவர் காட்சிச் சாலையார். அவர்களோடு, யானையைக் காண இனி நெடுந்தூரம் போகவேண்டிய இலண்டன் குழந்தைகள். பெற்றவை யானைகள்.

வேறு நகரங்களிலும் இத்தகைய விடைகள் நிகழலாயின. அமெரிக்க நாட்டின் டெட்ராய்ட் நகரத்தில் பனிக்காலம் நீண்டது. அங்கிருந்த விங்க்கி, வாண்டா என்னும் இரண்டு முதிய பிடிகளும் மூட்டு வாதத்தால் வருந்தின. எத்துணைப் பேணினும் இந்தக் குளிரில் இவற்றுக்கு நல்வாழ்வு தர எங்களால் இயலாது என்று அச்சாலையார் தாமே முடிவு செய்து, 2005-இல் அவற்றை வெப்பம் மிகுந்த கலிபோர்னியாவிலுள்ள யானைக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். 2013-இல் கனடாவின் டொராண்டோ நகரமும் தன் மூன்று ஆப்பிரிக்க யானைகளை அதே காப்பகத்துக்கு அனுப்பியது. நம் நாட்டில், மிருகக்காட்சிச் சாலைகளிலும் சர்க்கஸ்களிலும் உள்ள யானைகளைக் காடு சார்ந்த முகாம்களுக்கும் மறுவாழ்வு இடங்களுக்கும் மாற்றவேண்டும் என்று மத்திய மிருகக்காட்சிச் சாலை ஆணையம் 2009-ஆம் ஆண்டு நவம்பரில் ஆணை பிறப்பித்தது.

இம்மாற்றத்துக்கு வலுவூட்டிய கணக்கு ஒன்று உண்டு. 2008-இல் 'சயன்ஸ்' என்னும் அறிவியல் இதழில், 4,500-க்கு மேற்பட்ட யானைகளின் வாழ்நாளைப் பற்றிய ஆராய்ச்சி வெளிவந்தது. ஐரோப்பியக் காட்சிச் சாலைகளில் பிறந்த ஆப்பிரிக்கப் பிடிகளில் பாதி 16.9 வயதுக்குள் இறந்தன. கென்யா நாட்டின் அம்போசெலிக் காட்டிலோ, இயற்கையாக மாண்ட பிடிகளுக்கு அந்த எல்லை 56 வயது. ஆசியப் பிடிகளுக்குக் காட்சிச் சாலையில் 18.9, பர்மா நாட்டில் மரம் இழுக்கும் பிடிகளுக்கு 41.7. உழைக்கும் யானை, உழைப்பின்றி உண்ணும் யானையைக் காட்டிலும் இருமடங்கு வாழ்ந்தது என்பது சிந்திக்கத் தக்கது. காட்சிச் சாலையார் சிலர், இது பழைய நிலைமையின் கணக்கு, இப்பொழுது பராமரிப்புத் திருந்திவிட்டது என்று மறுத்தனர். திருத்தம் நேர்ந்தது உண்மை. ஆயினும் அத்திருத்தத்தின் முதற் பகுதி, இடத்தைப் பெருக்கியதே அன்றோ?

இனி, எதிர்வாதங்களையும் நேர்மையாக எண்ணிப் பார்ப்போம். இடம் பெயர்ப்பது யானைக்கு நன்மையே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல இயலாது. அதே ஆராய்ச்சி, ஒரு காட்சிச் சாலையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்பட்ட ஆசிய யானைகளுக்கு உயிரிழப்பு அபாயம் மிகுவதையும் கண்டது. பழகிய துணையையும் பழகிய காப்பாளரையும் பிரிவது யானைக்கு எளிதன்று. 2015-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்திலிருந்து ஓக்லஹோமா நகரத்துக்கு இரண்டு பிடிகள் அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்று ஓராண்டு முடியுமுன், 2016 ஜனவரியில், இறந்தது. ஆகவே எங்கே அனுப்புகிறோம், எவ்வாறு அனுப்புகிறோம் என்பன, அனுப்புகிறோமா என்பதைப் போலவே முக்கியமானவை.

எவ்வாறு அனுப்புவது என்பதற்குக் காவன் என்னும் களிற்றின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு. இலங்கை நாடு 1985-இல் பாகிஸ்தானுக்கு நன்கொடையாக அளித்த கன்று அது. இஸ்லாமாபாத் காட்சிச் சாலையில் அதனோடு வாழ்ந்த சகேலி என்னும் பிடி 2012-இல் இறந்தது. பின்னர் எட்டு ஆண்டுகள் காவன் தனியே நின்றது. 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் அதனைத் தக்க இடத்துக்கு மாற்றுமாறு தீர்ப்பளித்தது. ஜம்போவைச் சங்கிலியிட்டு இழுத்தது போலக் காவனை இழுக்கவில்லை. பெரிய கூண்டு ஒன்றை முன்கூட்டியே கொண்டுவந்து வைத்தனர். அச்சம் நீங்கித் தானே உள்ளே சென்று வருமாறு அதனைப் பல நாள் பழக்கினர். பின்னரே விமானத்தில் ஏற்றிக் கம்போடியா நாட்டு வனக் காப்பகத்துக்குக் கொண்டு சென்றனர். அங்கே மற்றொரு யானையின் தும்பிக்கையைக் காவன் தீண்டியபோது, எட்டு ஆண்டுகளுக்குப் பின் தன் இனத்தை அது தொட்டது.

மற்றொரு வாதமும் உண்டு. யானையை நேரில் காணாத குழந்தை யானையை நேசிக்குமா? அறிவியலும் காட்சிச் சாலை யானையால் பயன் பெற்றதன்றோ? பெற்றது உண்மையே. மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொள்கின்றன என்பது, 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரத்துக் காட்சிச் சாலையில், கேட்டி பெயின் என்னும் அம்மையார் யானைகளின் அருகே நின்றபொழுது காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்ததால் தெரியவந்தது. அந்த ஒலி காட்டில் பல கிலோமீட்டர் செல்லும். பிரிந்த கூட்டங்கள் அதனால் ஒன்றையொன்று அறியும். காட்சிச் சாலை நமக்கு அளித்த இந்த அறிவே, கொட்டிலில் தனித்து நிற்கும் யானையின் குரலுக்கு மறுமொழி சொல்ல எவரும் இல்லை என்பதையும் நமக்கு உணர்த்திவிட்டது. அறிந்தபின் அறியாதவர் போல் இருத்தல் அழகாகாது.

1882-இல் கடிதம் எழுதிய குழந்தைகளைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் உள்ளத்தில் இருந்தது உண்மையான அன்பு. பல்லைப் பற்றியும் பாதத்தைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்லித் தருவார் அன்று இலர். நாம் அறிவோம், ஆகவே நம் பொறுப்பு மிகுதி.

மாணவ நண்பர்களே, இனி எங்கேனும் கட்டி வைத்த யானையைக் காண நேர்ந்தால், சற்று நின்று நான்கு செய்திகளைக் கவனியுங்கள். அது மண்ணில் நிற்கிறதா, கல்லிலும் சிமெண்டிலும் நிற்கிறதா? அதன் நகங்கள் முழுமையாக உள்ளனவா, பிளந்துள்ளனவா? அதன் பக்கத்தில் மற்றொரு யானை உண்டா? அது ஓயாமல் தலையையும் உடலையும் ஒரே சீராய் ஆட்டிக்கொண்டிருக்கிறதா? அந்த ஆட்டத்தை மகிழ்ச்சி என்று எண்ணிக் கைதட்டுவோர் பலர். நடக்க இடமின்றி, செய்ய வேலையின்றி, பேசத் துணையின்றி அடைபட்ட யானையிடத்தே நாள்பட்ட துன்பத்தால் தோன்றுவது அது. அதனை அடையாளம் கண்டு, அருகில் இருப்பவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். யானையைக் காணும் மகிழ்ச்சியை நாம் என்றேனும் ஒருநாள் அதன்பொருட்டு விட்டுக்கொடுக்க நேரலாம். அப்பொழுது வாயிலில் நின்று வழியனுப்ப மனம் கூசாது.